பேர் பறித்த குறளி

“குறளிக்கு இன்னொரு விதி எழுதிட்டு வந்திருக்கறனுங்க, ஆசானே” என்றார் சென்னியப்பன்.

“போன விதிக்கு என்னாச்சுங்கண்ணா?”

“அது சரியா வரல.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவுந்தான். ஏன் நோண்டி நோண்டிக் கேக்கறீங்க?”

ஆசான் கையை நீட்டினார். சென்னியப்பன் விதி எழுதிய அட்டையைக் கொடுத்தார். அடித்து எழுதி, அடித்து எழுதி, அட்டையின் ஒரு மூலை நைந்து போயிருந்தது.

திருப்பூரில், பனியன் கழுத்துக்கு லேபிள் அச்சடிக்கும் கடையின் மாடியில் ஒரு நீள மேசை உண்டு. ஞாயிறு மதியம் அதைச் சுற்றி உட்கார்ந்து சிலர் ஓர் ஆட்டம் ஆடினார்கள். வாயால் ஆடும் கதையாட்டம். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் வேறொரு ஆளாக மாறிக்கொள்வார். ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியச்சி, ஒருவர் ஈட்டிக்காரர். காட்டையும் மலையையும் வழியில் எதிர்ப்படும் பூதங்களையும் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவருக்கு ஆசான் என்று பேர். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும்.

ஆசானின் பேர் தமயந்தி. கீழே கடையில் லேபிள் வரைகிறவர். சென்னியப்பனைவிட பத்து வயதாவது இளையவர். ஆனாலும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் ஆசான், இவர் சீடர்.

சென்னியப்பன், கம்பெனிகள் பழுதென்று கழித்த செகண்ட்ஸ் துணியை வாங்கி விற்கும் வியாபாரி. மூட்டை தூக்க வந்தவர், பிறகு மூட்டைக்குச் சொந்தக்காரரானார். கடைத்தெருவில் பேரத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. கோபத்தில் ஜெயித்தவரும் கிடையாது.

ஆசான் தன் ஆட்டத்தைப் புத்தகமாக்க நினைத்தார். மேசையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பூதத்தைப் படைத்துத் தர வேண்டும் என்றார். ஒருவர் அனல் கக்கும் எருமை செய்தார். ஒருவர் கிணற்றுக்குள் இருந்து பாடும் மீன் செய்தார். சென்னியப்பன் குறளி செய்தார்.

முழங்கால் உயரம். ஆமணக்கு இலை மாதிரி காது. அது வருவதற்கு முன்பே அதன் சிரிப்பு வந்துவிடும். கத்தி கிடையாது, நகம் கிடையாது, யாரையும் அடிக்காது. எடை போட முடியாததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடும். ஒருவனின் நிழலை எடுக்கும். சோற்றிலிருந்து உப்பின் ருசியை மட்டும் எடுக்கும். பிறகு மரக்கிளையில் உட்கார்ந்து பேரம் பேசும். முதலில் கேட்டதற்குக் கொடுக்கவே கொடுக்காது. நீ வேண்டாம் என்று திரும்பி நடந்தால் மட்டும் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும்.

“இதையெல்லாம் எங்க படிச்சீங்க?” என்று ஆசான் அப்போது கேட்டார்.

“கடையில.”

ஆசானுக்குக் குறளியை ரொம்பப் பிடித்துவிட்டது. எருமையைவிட, மீனைவிட உயிருள்ளது இதுதான் என்றார். சென்னியப்பன் அன்றைக்கு எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். பேரமே பேசாமல் வாங்கினார் என்று பேக்கரிக்காரர் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

அந்தக் குறளியைத்தான் இப்போது வாராவாரம் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆசான் அட்டையைப் படித்தார்.

“பேரைப் பறிச்சா, ஒரு சுத்து முடிஞ்சதும் தானாத் திருப்பிக் கொடுத்துரும்னு போட்டிருந்தீங்க. அதை ஏன் அடிச்சீங்க?”

“நீங்கதானே கேட்டீங்க, ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கொஞ்ச நேரந்தான்னேன்.”

“நான் என்ன கேட்டேன்?”

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அந்த மனுசன் எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டீங்க.”

“அப்புறம், பேரைத் திருப்பும்போது கூடவே ஒரு வரமும் கொடுக்கும்னு எழுதியிருக்கீங்க. இதையும் அடிச்சாச்சு.”

“வரத்தை வாங்க ஆளு எங்கேன்னு கேட்டீங்க. அடிச்சேன்.”

“இப்போ?”

“இப்போ குறளி மன்னிப்புக் கேக்கும். மண்டி போட்டு. கடைசி வரி பாருங்க.”

ஆசான் கடைசி வரியைப் பார்த்தார். அட்டையை மேசையில் வைத்தார்.

“நீங்க கேட்டீங்களாண்ணா?”

“நான் எதுக்குங்க கேக்கணும்?” சென்னியப்பன் மேசையில் ஓர் அடி அடித்தார். பகடைகள் துள்ளி விழுந்தன. “ஆட்டத்துல நடந்தது! ஆட்டத்துலதானே நடந்தது! அடிதடியா பண்ணினேன்? ஒரு ஆளுக்கு விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியலீன்னா நான் என்ன பண்ணட்டும்?”

ஆசான் பகடைகளைப் பொறுக்கி வைத்தார்.

“நானும் அன்னிக்குச் சிரிச்சேன்” என்றார்.



அந்த ஆளின் பேர் மாசானம். எதிர்க் கட்டடத்தின் வாட்ச்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னியப்பனின் குடோன் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. சென்னியப்பன் ஜன்னலில் நின்று பார்த்தார். ஷிப்ட் முடிந்து, போக இடமில்லாமல், மாசானம் கேட் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சென்னியப்பன் கை தட்டி அவரை மேலே கூப்பிட்டார்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் செருப்போடு தன் வெளிப்பேரையும் வாசலில் விட வேண்டும். கதைக்கென்று ஒரு பேர் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிகிறவரை அந்தப் பேரைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

“உங்க பேரு என்னன்னு வெச்சுக்கலாம்?” என்று ஆசான் கேட்டார்.

“மாசானம்.”

“அது வெளிப்பேருங்களே. கதைக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. வீரமா, அழகா, எது வேணுமோ.”

மாசானம் கொஞ்சம் யோசித்தார்.

“வேற எதுக்கு? இந்தப் பேரையே இந்த ஊர்ல ஒருத்தரும் கூப்பிடக் காணோம்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆசான் அந்தப் பேரையே எழுதிக்கொண்டார். மாசானம் ஈட்டிக்காரர் ஆனார்.

முதல் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி உட்கார்ந்தார். பிறகு ஒரு காலை மடக்கி நாற்காலி மேல் போட்டுக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். சென்னியப்பன் அந்தக் கதையில் வேல்மாறன் என்ற வில்லாளி. “ஏ வேல்மாறா, தலையக் குனி! ராட்சசன் கல்லைத் தூக்குதான்!” என்று மாசானம் கத்துவார். ‘ங்க’ கிடையாது, ‘முதலாளி’ கிடையாது. சென்னியப்பனும் குனிவார். நிஜமாகவே மேசைக்குக் கீழே குனிவார்.

ராட்சசன் விழுந்த அன்று மாசானம் ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்தார்.

“வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், இன்னைக்கு ஒரு ராட்சசனைக் கொன்னுட்டேன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“யாரு, சூப்பர்வைசரையான்னு கேக்கா.”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், உடன் ஆடும் கட்டிங் மாஸ்டர் ஹக்கீமுக்குப் புரை ஏறியது. டீச்சர் பிரேமலதா அவர் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு குறளி வந்தது.

பூதத்தைப் படைத்தவரே முதல்முறை அதை ஆட வேண்டும் என்பது ஆசானின் ஏற்பாடு. சென்னியப்பன் வேல்மாறனை ஓரம் கட்டிவிட்டு ஆசானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலை ஒடுக்கிக்கொண்டு சிரித்தார். சின்ன உடம்பிலிருந்து வருகிற சிரிப்பு. பிரேமலதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பகடை உருண்டது. மாசானத்துக்கு விழுந்தது ஒன்று; தப்ப முடியாத எண். குறளி அவர் பேரைப் பறித்துக்கொண்டு கிளைக்கு ஏறிவிட்டது.

விதி இதுதான்: பறிபோன பேரை மேசையில் யார் சொன்னாலும், சொன்னவரின் பேரும் சேர்ந்து போய்விடும்.

மேசை அமளி துமளிப்பட்டது. ஹக்கீம் “மா” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார். “ஏ ஈட்டி!” என்றார். பிரேமலதா “இவரே, இங்க பாருங்க, இவரே!” என்று சொல்லிவிட்டு, “என் வீட்டுக்காரரை மட்டுந்தான் இப்படிக் கூப்பிட்டிருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் மாசானந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இப்போது குறளி அவரைப் பேரத்துக்கு அழைக்க வேண்டும். பேர் சொல்லி அழைக்க முடியாது. சென்னியப்பன் வாயைக் குவித்து, அந்தச் சின்னக் குரலில் கூப்பிட்டார்.

“ஏ வாட்ச்மேன்! இங்க வா!”

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாசானம் எழுந்து நின்றார்.

விறைப்பாக நின்றார். கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. எழுந்துவிட்டோம் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“கீழ யாரோ ஹாரன் அடிக்காங்க. பாத்துட்டு வாரேன்” என்றார்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை. போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். குறளியின் பக்கம் மட்டும் முடியாமல் நின்றது. புத்தகத்தில் தன் பேர் வரப்போகிறது என்று சென்னியப்பனுக்கு முன்பு ஒரு பூரிப்பு இருந்தது. அது எங்கேயோ போய்விட்டது. இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மாசானம் மறுபடி அந்த மேசையில் வந்து உட்கார வேண்டும்.

“அவரை எப்படி வர வைக்கறது, ஆசானே?”

“அட்டையைத் திருத்தினா வந்துருவார்னு நினைச்சீங்களா?”

“குறளிதானே அவரை வெரட்டிச்சு. அப்ப குறளியைத்தானே திருத்தணும்?”

ஆசான் அட்டையை அவர் பக்கம் தள்ளினார்.

“பேரம் உங்க தொழிலுங்கண்ணா. போய்ப் பேசிப் பாருங்க.”

சென்னியப்பன் படி இறங்கினார்.

மாசானம் கேட்டில் இருந்தார். தெருவைக் கடந்து சென்னியப்பன் வருவதைப் பார்த்ததுமே எழுந்தார்.

“உக்காருங்க மாசானம்.”

“இருக்கட்டும் மொதலாளி. இன்னும் டூட்டில இருக்கேன்லா.”

“சேர் இருக்கே.”

“அது ஆள் இல்லாதப்போ உக்கார.”

சென்னியப்பன் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவோ ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களிடம் பேசியிருக்கிறார். முதல் வார்த்தை இப்படித் தடுமாறியதில்லை.

“போன ஞாயித்துக்கிழமையெல்லாம் வரக் காணோமே?”

“வேலை இருந்துச்சு.”

“என்ன வேலை?”

“துணி துவைச்சேன்.”

“வாராவாரமா?”

“வாராவாரம் அழுக்காவுதே மொதலாளி.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தார்.

“இங்க பாருங்க. குறளியை மாத்தியாச்சு. இனிமே பேரை எடுக்காது. உங்க ஈட்டிக்கு இடிமின்னல் சேத்தித் தர்றோம். ஆசான்கிட்ட நான் பேசிக்கறேன். ஒரே குத்துல ரெண்டு ராட்சசன்.”

“நல்லாருக்கும்.”

“அப்ப வர்றீங்க?”

“வேற யாருக்காவது குடுங்க மொதலாளி. ஈட்டி நல்ல ஈட்டி.”

“வேல்மாறனையும் நீங்களே வெச்சுக்கங்க. என் வில்லு, அம்பு, குதிரை எல்லாம் எழுதிக் குடுக்கறேன்.”

“குதிரைக்குத் தீனி போட நேரம் இருக்காது.”

சென்னியப்பன் பழைய வித்தையைப் போட்டார். “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மெதுவாக நடந்தார். கடைத்தெருவில் இந்த நடைக்கு மயங்காத ஆள் இல்லை. நாலு எட்டு போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும்.

தெருமுனை டீக்கடை வரை வந்துவிட்டார். குரல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஒரு வேன் வந்திருந்தது. மாசானம் கேட்டைத் திறந்துவிட்டு, வேனுக்குள் இருந்தவருக்கு சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார்.

தன் வாழ்நாளில் முதல்முறையாக, திரும்பி நடந்த சென்னியப்பன் மறுபடி திரும்பி வந்தார்.

“அன்னிக்கு நான் கூப்பிட்டது தப்புதானுங்க” என்றார். “சிரிக்க வெக்கணும்னு கூப்பிட்டேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல. என்னையும் ஒரு காலத்துல ஊரே மூட்டைன்னுதான் கூப்பிட்டுது. ஏ மூட்டை, இங்க வா, ஏ மூட்டை, அங்க போ. எனக்குத் தெரியாதுங்களா அது எப்படி இருக்கும்னு?”

மாசானம் அதைக் கேட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் முகம் இளகியது.

“இப்பக் கூப்பிடுதாங்களா மொதலாளி?”

சென்னியப்பன் மறுபடி கர்சீப்பை எடுத்தார்.

“கோவமா கேக்கல” என்றார் மாசானம். “நீங்க நல்ல மனுசன். மேல ஏறி வந்து உக்காருன்னு சொன்னது நீங்கதான். அதை நான் மறப்பனா? நீங்க கூப்பிட்டதுல என்ன இருக்கு, நாள் முழுக்க அந்தச் சத்தந்தான். என் காலு எந்திரிச்சிட்டு பாருங்க. அதான்.”

“அது ஏதோ பழக்கத்துல…”

“அதேதான் மொதலாளி. அம்புட்டு வாரம் காலை மடக்கிப் போட்டு உக்காந்திருந்தேன். நான் மாசானம்னு நான் நம்பிட்டேன். காலு நம்பல.”

தெருவில் ஒரு டெம்போ ரிவர்ஸ் எடுத்தது. மாசானம் விசிலை ஊதி அதற்கு வழி சொன்னார். பிறகு சொன்னார்:

“இனிமே அங்க வந்து உக்காந்தாலும் இந்தக் காலைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எப்ப எந்திரிக்குமோன்னு. ராட்சசனை யாரு பாக்குறது?”

சென்னியப்பன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவர் நிற்கிற வரை மாசானமும் நின்றுகொண்டிருந்தார். அது சென்னியப்பனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவசரமாகக் கிளம்பினார்.

மாடிக்கு வந்தபோது ஆசான் புத்தகத்தின் பக்கங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஹக்கீமும் பிரேமலதாவும் வந்து ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“குறளியை எடுத்துப் போட்டுருங்க” என்றார் சென்னியப்பன்.

“எதுக்குங்கண்ணா?”

“வேண்டாம். அந்தச் சனியன் புத்தகத்துல வேண்டாம். நான் பண்ணினது, நானே சொல்றேன், கிழிச்சுப் போடுங்க.”

“அது என்ன பண்ணிச்சு?”

“என்ன பண்ணிச்சா? ஒரு மனுசன் பேரைப் பறிச்சுது!”

“பறிக்கறதுதானே அதோட குணம். அப்புறம் என்ன பண்ணிச்சு?”

“அப்புறம் என்ன, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

சென்னியப்பன் நாற்காலியை இழுத்து அதன் நுனியில் உட்கார்ந்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்சா நேரடியாச் சொல்லுங்க அம்மணி. நாலெழுத்துப் படிக்காதவன் நான். அடிபட்டு அடிபட்டுத்தான் எதையும் தெரிஞ்சுக்கிட்டேன். இது எனக்குப் பிடிபடல. எங்க தப்பு விட்டேன்? எந்த விதில?”

ஆசான் பக்கங்களை அடுக்குவதை நிறுத்தினார்.

“அதை இன்னொரு தடவை ஆடிப் பார்த்துருவோம். குறளி நான். நீங்க வேல்மாறன்கூட வேண்டாம், நீங்களாவே இருங்க.”

“இப்ப எதுக்கு ஆட்டம்?”

“ஒரு சின்ன ஆட்டந்தான்.”

ஆசான் குறளி மாதிரி சிரித்துக் காட்டவில்லை. குரலை மாற்றவுமில்லை. ஹக்கீமைக் காட்டினார்.

“இவர் பேரைப் பறிச்சாச்சு. கூப்பிடுங்க.”

“ஏனுங்க கட்டிங் மாஸ்டர்” என்றார் சென்னியப்பன்.

பிரேமலதாவைக் காட்டினார். “இவங்க பேரும் போச்சு.”

“டீச்சரம்மா.”

“எம்பேரு?”

“அம்மணின்னு கூப்பிடுவேன். எப்பவும் அப்படித்தானே.”

“இந்த வார்த்தையெல்லாம் அட்டைல எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“முன்கூட்டியே யோசிச்சு வெச்சீங்களா?”

“இதுக்கெல்லாம் எதுக்கு யோசிக்கணும்? வாயில தானா வருது…”

சொல்லி முடிக்கும்போது சென்னியப்பனின் குரல் தேய்ந்தது. தான் சொன்னதைத் தானே ஒரு தடவை உள்ளுக்குள் கேட்டுக்கொண்டவர் போல இருந்தார். ஹக்கீம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமலதா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

“அப்ப குறளி மேல தப்பு இல்லீங்களா?” என்று சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார்.

“ஆட்டம் இன்னும் முடியலீங்கண்ணா. உங்க பேரு பாக்கி இருக்கு.”

“ம்.”

“அதையும் பறிச்சாச்சு. இப்ப உங்களை நாங்க என்னன்னு கூப்பிடட்டும்?”

சென்னியப்பன் யோசித்தார். ‘மூட்டை’ என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது பொய். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள். மீதிப் பேர் இன்றைக்குத் தெருவில் பார்த்தால் கும்பிடுகிறார்கள்.

“எல்லாரும் முதலாளின்னுதான் கூப்பிடறாங்க” என்றார்.

“சரி” என்றார் ஆசான். கொஞ்சம் பொறுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகக் கூப்பிட்டார்.

“முதலாளி!”

“சொல்லுங்க” என்றார் சென்னியப்பன்.

ஆசான் ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னுங்க அம்மணி? கூப்பிட்டுட்டுப் பேசாம இருக்கீங்க?”

“ஒண்ணுமில்லீங்கண்ணா” என்றார் ஆசான். “கூப்பிட்டதும் சாஞ்சு உக்காந்துட்டீங்க.”